மாநிலச் சட்டம் இருக்கிறது, நம் பிளானுக்குத்தான் பொருந்தாது

அமெரிக்காவில் வேலை மாறப் போகிற நம்மவர்கள் சம்பளம், விசா மாற்றம், போனஸ், வீட்டிலிருந்து வேலை என்று எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்பார்கள். ஹெல்த் இன்ஷூரன்ஸ் என்று வந்தால் "எந்த கம்பெனி?" என்ற ஒரு கேள்வியோடு முடித்துக்கொள்வார்கள். பெயர் தெரிந்த கம்பெனியாக இருந்துவிட்டால் நிம்மதி. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அதற்கு நாங்கள் கொடுத்த விலை ஆறாயிரம் டாலருக்கு மேல், கூடவே பையனுடைய பயிற்சியில் ஐந்து மாதச் சறுக்கல். இதை முன்கூட்டி யாராவது சொல்லியிருந்தால் ஒரு மதிய நேரத்தில் முடித்திருக்கலாம். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம். பையனுக்கு நாலு வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். ஏபிஏ என்கிற நடத்தைப் பயிற்சி வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம். கணவர் அப்போது இருந்தது சுமார் அறுபது பேர் வேலை செய்த ஒரு உள்ளூர் நிறுவனம். அந்த இன்ஷூரன்ஸில் எந்தத் தகராறும் இல்லை. நியூ ஜெர்சியில் 2009ல் ஒரு சட்டம் வந்தது. ஆட்டிசம் உள்ள, 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஏபிஏ உள்பட தேவையான சிகிச்சைகளை இன்ஷூரன்ஸ் ஏற்கவேண்டும் என்கிற சட்டம். பயிற்சி மையத்தின் வரவேற்பறையில் இதைப் பற்றி ஒரு தாளே ஒட்டியிருக்கும். "இந்த ஊரில் நம் பிள்ளைக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது" என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

ஏப்ரல் கடைசியில் கணவர் ஒரு பெரிய நிறுவனத்துக்கு மாறினார். தலைமையகம் வேறு மாநிலம், நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் ஊழியர்கள். புது இன்ஷூரன்ஸ் கார்டு வந்தது. அதே இன்ஷூரன்ஸ் கம்பெனி, அதே லோகோ, அதே நீலம். மையத்திலும் "நெட்வொர்க்குக்குள்தான் இருக்கிறது" என்றார்கள், அதாவது இந்த இன்ஷூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ள மையம்தான். வாடிக்கையாளர் எண்ணில் கூப்பிட்டுக் கேட்டோம், "ஆட்டிசம் கவர் ஆகும்" என்று பதில் வந்தது. சரி என்று பயிற்சியைத் தொடர்ந்தோம். மே, ஜூன் போனது. ஜூலை கடைசியில் ஒரு கடிதம் வந்தது. மூன்று மாத க்ளெய்ம் எல்லாம் மறுப்பு. காரணம் என்ற இடத்தில் "இந்தச் சேவை திட்டத்தில் விலக்கப்பட்டுள்ளது" என்று ஒரே வரி. மணிக்கு எழுபது டாலர் கணக்கில் பதின்மூன்றாயிரத்துக்கு மேல் நிலுவை. ஃபோனில் சொன்ன "ஆட்டிசம் கவர் ஆகும்" என்பதற்கு அர்த்தம், நோயைக் கண்டறிவதும் பேச்சுப் பயிற்சியும் கவர் ஆகும் என்பது மட்டும்தானாம். இந்த இடத்தில் முதல் விஷயம் சொல்லிவிடுகிறேன். ஃபோனில் நோயின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். மையம் பில்லில் போடும் சேவைக் குறியீட்டு எண்ணை வாங்கி, அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பேசியவர் பெயர், தேதி, அழைப்புக் குறிப்பு எண் மூன்றையும் எழுதி வையுங்கள். முடிந்தால் பதிலைப் போர்ட்டலில் எழுத்தில் வாங்குங்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாநிலச் சட்டத்தை மீறுகிறார்கள் என்று நினைத்து, நியூ ஜெர்சியின் வங்கி மற்றும் இன்ஷூரன்ஸ் துறைக்கு நீளமாக ஒரு புகார் எழுதினேன். 2009 சட்டத்தின் எண்ணைக்கூடப் போட்டிருந்தேன். சில வாரம் கழித்துப் பதில் வந்தது, மரியாதையான கடிதம்தான். உங்கள் திட்டம் சுயநிதித் திட்டம், அது எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது இல்லை, மத்திய அரசின் தொழிலாளர் துறையை அணுகுங்கள் என்று எழுதியிருந்தார்கள். படித்து முடித்ததும் அந்தக் கடிதத்தைக் கசக்கிவிட்டு, அப்புறம் எடுத்து நீவி ஃபைலில் வைத்தேன். கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. சட்டம் இருக்கிறது, பிள்ளை இந்த மாநிலத்தில்தான் இருக்கிறான், வரியும் இங்கேதான் கட்டுகிறோம். ஆனால் அந்தச் சட்டம் இவனுக்கு இல்லையாம்!

புரிய வைத்தது டெக்சாஸில் பிளேனோவில் இருக்கும் ஒரு அக்கா. அவர்களுடைய மகளும் இதே பயிற்சியில் இருந்தவள். என் புலம்பலை எல்லாம் கேட்டுவிட்டு, "கண்ணு, முதல்ல கார்டைத் திருப்பிப் பாரு. அடியில பொடி எழுத்துல என்ன போட்டிருக்கு?" என்றார்கள். ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். இந்த நிறுவனம் நிர்வாகச் சேவையை மட்டுமே வழங்குகிறது, க்ளெய்ம்களுக்கான நிதிப் பொறுப்பை ஏற்பதில்லை என்கிற பொருளில், சாம்பல் நிறத்தில் ஒரு வரி. பழைய கார்டைத் தேடி எடுத்தால் அதில் அந்த வரி இல்லை. லோகோ ஒன்று, உள்ளே இருக்கும் ஏற்பாடு வேறு. கல்யாணத்துக்குச் சமையல் காண்ட்ராக்ட் விடுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் பரிமாறுவது காண்ட்ராக்டரின் ஆட்கள், சட்டையில் அவர் பெயர். இலையில் என்ன வைக்கவேண்டும், என்ன வைக்கக்கூடாது என்று முடிவு செய்வதும் பணம் கொடுப்பதும் கல்யாண வீட்டார். சுயநிதித் திட்டத்தில் கல்யாண வீட்டார் நம் முதலாளி.

அக்கா இன்னொன்றும் சொன்னார்கள். டெக்சாஸில் மாநிலத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் திட்டம் என்றால் கார்டில் 'டிடிஐ' அல்லது 'டிஓஐ' என்று அச்சிட்டிருக்குமாம். டெக்சாஸ்காரர்களுக்கு இது நல்ல அடையாளம். எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை. மற்றவர்கள் ஹெச்ஆரிடம் நேரடியாகக் கேட்பதுதான் வழி: "நம்முடையது ஃபுல்லி இன்ஷூர்டா, செல்ஃப் ஃபண்டடா?" அதாவது முதலாளி பிரீமியம் கட்டி வாங்கிய இன்ஷூரன்ஸா, சுயநிதித் திட்டமா என்று. இந்தக் கேள்வியை வேலைக்கான ஆஃபர் கையில் இருக்கும்போதே மின்னஞ்சலில் கேளுங்கள். கேட்டால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். பல இடங்களில் ஹெச்ஆரில் இருப்பவருக்கே பதில் தெரியாது, விசாரித்துத்தான் சொல்வார்.

இந்த இரட்டை ஏற்பாடு எப்படி வந்தது என்று ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். அமெரிக்காவில் இன்ஷூரன்ஸை ஒழுங்குபடுத்துவது மாநிலங்களின் வேலை என்று 1945ல் மத்திய அரசே சட்டம் போட்டு ஒதுங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு 1974ல் எரிசா என்ற சட்டம் வந்தது. முக்கியமாக ஊழியர்களின் பென்ஷனைக் காப்பாற்ற வந்த சட்டம், ஆனால் முதலாளிகள் தரும் மருத்துவத் திட்டங்களும் அதற்குள் வந்துவிட்டன. பல மாநிலங்களில் ஆள் வைத்திருக்கும் கம்பெனிகள் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு விதி என்று திண்டாடக்கூடாது என்பதற்காக, முதலாளியின் திட்டத்தை மாநிலச் சட்டம் தொடக்கூடாது என்றார்கள். அதே மூச்சில், இன்ஷூரன்ஸை ஒழுங்குபடுத்தும் மாநிலச் சட்டம் செல்லும் என்றார்கள். அதற்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு வாக்கியம்: முதலாளி தன் சொந்தப் பணத்தில் நடத்தும் திட்டத்தை இன்ஷூரன்ஸ் என்று மாநிலம் கருதக்கூடாது. என் பையனின் பயிற்சி நின்றது இந்த மூன்றாவது வாக்கியத்தால்தான். முதலாளி பிரீமியம் கட்டி இன்ஷூரன்ஸ் வாங்கினால் மாநிலச் சட்டம் அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியைப் பிடிக்கும். முதலாளி தானே பணம் போட்டால் பிடிக்காது. 1985ல் மாசசூசெட்ஸ் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவினையை உறுதி செய்துவிட்டது.

சரி, 2010ல் ஒபாமா காலத்துச் சீர்திருத்தம் இதையெல்லாம் மாற்றவில்லையா என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் தேடினேன். சில விஷயங்களை எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவாக்கியது உண்மை. ஏற்கெனவே இருக்கும் நோயைக் காரணம் காட்டித் தள்ளக்கூடாது, திட்டத்தில் பிள்ளைகளுக்கு இடம் உண்டென்றால் 26 வயது வரை வைத்துக்கொள்ளலாம், நோய்த் தடுப்புச் சேவைகளுக்குத் தனிக் கட்டணம் கிடையாது, மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு உண்டு. சில பழைய திட்டங்களைத் தவிர இவை சுயநிதித் திட்டத்துக்கும் பொருந்தும். ஆனால் 'அத்தியாவசியப் பலன்கள்' என்ற பத்து வகைப் பட்டியலைக் கட்டாயமாக்கியது தனிநபர் திட்டங்களுக்கும் சிறு நிறுவனத் திட்டங்களுக்கும்தான். பெரிய நிறுவனங்களும் சுயநிதித் திட்டங்களும் அதற்கு வெளியே. 1974ல் எழுப்பிய சுவரை 2010 இடிக்கவில்லை, சில ஜன்னல்களைத் திறந்ததோடு சரி. அமெரிக்காவில் வேலை வழியாக இன்ஷூரன்ஸ் பெறுபவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சுயநிதித் திட்டங்களில்தான் இருக்கிறார்கள். ஒரு மாநிலம் குழந்தையின்மைச் சிகிச்சைக்கோ ஆட்டிசத்துக்கோ சட்டம் போட்டுவிட்டு ஆளுநர் கேமரா முன் கையெழுத்துப் போடும்போது, இந்தக் கூட்டத்துக்கு அது பொருந்தாது என்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. எனக்கு இது நேர்மையாகப் படவில்லை.

கோபத்தை ஒதுக்கிவிட்டு எங்களுக்கு மூடிப்போன கதவுகளைச் சொல்கிறேன், உங்களுக்கு அவை திறந்திருக்கலாம். வேலையை விட்டதும் பழைய திட்டத்தையே பொதுவாக 18 மாதம் வரை நாமே பணம் கட்டித் தொடர கோப்ரா என்ற வசதி இருக்கிறது. முழுப் பிரீமியமும் அதற்கு மேல் இரண்டு சதவீதமும் கட்டவேண்டும். பொதுவாக இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இது பொருந்தும். நிறையப் பேருக்குத் தெரியாதது, குடும்பத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாக இதைத் தேர்ந்தெடுக்கலாம். நாங்கள் இரண்டு பேரும் புதுத் திட்டத்தில் இருந்துகொண்டு பையனை மட்டும் பழைய திட்டத்தில் வைத்திருக்கலாம். அதற்கு அவகாசம் 60 நாள், தேர்ந்தெடுத்த பிறகு முதல் தவணை கட்ட இன்னும் 45 நாள். தேர்ந்தெடுத்தால் பழைய தேதியிலிருந்தே செல்லும். அதாவது புதுத் திட்டம் எப்படி என்று பார்த்துவிட்டு முடிவெடுக்க இடம் இருக்கிறது. இன்னொரு கதவு, பிள்ளையின் பெயரில் மட்டும் மாநிலம் நடத்தும் இன்ஷூரன்ஸ் சந்தையில் ஒரு தனிநபர் திட்டம் வாங்குவது. அது மாநிலச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. பழைய இன்ஷூரன்ஸ் போனதிலிருந்து 60 நாளுக்குள் சேரலாம், இல்லாவிட்டால் நவம்பர் 1ல் தொடங்கும் பொதுச் சேர்க்கை வரை காத்திருக்கவேண்டும். முதலாளியின் திட்டம் கட்டுப்படியாகிற விலையில் கிடைக்கிறது என்றால் அரசு மானியம் கிடைக்காது, முழு விலைதான். அப்படியும் ஒரு பிள்ளைக்கான பிரீமியம், பயிற்சிக்குக் கையிலிருந்து கட்டுவதை ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. எங்களுக்கு மறுப்புக் கடிதம் வந்தபோது இரண்டு அவகாசமும் முடிந்திருந்தது.

மையத்துடன் பேரம் பேசி மூன்று மாத நிலுவையைப் பதினோராயிரத்துக்குக் குறைத்தோம். பேரம் பேசத் தயங்காதீர்கள், இங்கே இது வழக்கம்தான், வட்டியில்லாத் தவணையும் தருவார்கள். பதினைந்து மணி நேரப் பயிற்சியை ஆறாகக் குறைத்தோம். அதுதான் எனக்கு மிகவும் வலித்தது. தண்ணீர் வேண்டுமென்றால் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் டம்ளர் படத்தைப் பிய்த்து என் கையில் வைக்கப் பழகியிருந்தான் பையன். செப்டம்பரில் அதை விட்டுவிட்டு, பழையபடி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் கத்த ஆரம்பித்தான். ஊரிலிருந்து மாமியார் ஃபோனில், "பணம்தானம்மா, போனா சம்பாதிச்சுக்கலாம்" என்றார்கள். பணத்தைச் சம்பாதித்துவிடலாம் என்பது எனக்கும் தெரியும்.

இனி மேல்முறையீடு. மறுப்பு வந்ததிலிருந்து 180 நாள் அவகாசம் உண்டு. பலர் ஒரு பக்கக் கடிதம் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பின்னால் நீதிமன்றத்துக்குப் போனாலும், மேல்முறையீட்டில் நீங்கள் வைத்த காகிதங்களைத்தான் பெரும்பாலும் பார்ப்பார்கள், புதிதாக ஆதாரம் சேர்ப்பது கஷ்டம். மருத்துவர் கடிதம், மதிப்பீட்டு அறிக்கை, முன்னேற்றப் பதிவுகள் எல்லாவற்றையும் அப்போதே வையுங்கள். நீதிமன்றத்தில் ஜெயித்தாலும் மன உளைச்சலுக்கு நஷ்ட ஈடெல்லாம் கிடையாது. தரவேண்டிய பலனைத் தரச் சொல்வார்கள், வக்கீல் செலவு ஒருவேளை கிடைக்கலாம், அவ்வளவுதான். மாநிலச் சட்டத்தின் கீழ் நஷ்ட ஈடு கேட்ட டெக்சாஸ் நோயாளிகளின் வழக்கை எரிசாவைக் காட்டி 2004ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளிவிட்டது.

கடிதம் எழுதும் முன் திட்டத்தின் முழு விவரப் புத்தகத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போர்ட்டலில் இருக்கும் நாலு பக்கச் சுருக்கம் போதாது. திட்ட நிர்வாகி, அதாவது பெரும்பாலும் முதலாளி, 30 நாளுக்குள் தரவேண்டும். தராவிட்டால் நாளொன்றுக்கு 110 டாலர் வரை நீதிமன்றம் அபராதம் போடலாம். எங்களுக்கு வந்த புத்தகம் நூறு பக்கத்துக்கு மேல். விலக்குகள் பட்டியலில் முடி மாற்றுச் சிகிச்சைக்கு அடுத்த வரியில் ஏபிஏ இருந்தது. மறுப்பின் காரணத்தையும் கவனியுங்கள். 'மருத்துவ ரீதியாகத் தேவையில்லை' என்று மறுத்தால், உள்மேல்முறையீட்டிலும் தோற்ற பிறகு நான்கு மாதத்துக்குள் வெளியாட்களின் மறுபரிசீலனை கேட்கலாம், அவர்கள் தீர்ப்பு திட்டத்தைக் கட்டுப்படுத்தும். சுயநிதித் திட்டத்துக்கும் இந்த உரிமை உண்டு, 2010 சட்டம் கொடுத்தது. 'விலக்கப்பட்டது' என்று மறுத்தால் அந்த வழி லேசில் திறக்காது.

எங்களுக்குக் கை கொடுத்தது வேறொரு மத்தியச் சட்டம். மனநலச் சிகிச்சைக்கு உடல்நலச் சிகிச்சையைவிடக் கடுமையான கட்டுப்பாடு போடக்கூடாது என்று 2008ல் வந்த சமநிலைச் சட்டம். பெரிய நிறுவனங்களின் சுயநிதித் திட்டங்களுக்கும் இது பொருந்தும். ஆட்டிசத்தைத் திட்டத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டு அதற்கான முக்கியச் சிகிச்சையை மட்டும் விலக்கி வைப்பது இந்தச் சட்டத்தோடு மோதுகிறது என்பது வாதம். தொழிலாளர் துறையும் ஏபிஏ விலக்குகளை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்துவருகிறது. 2020 டிசம்பரில் வந்த சட்டப்படி, இப்படிக் கட்டுப்பாடு வைக்கும் திட்டம் அதை நியாயப்படுத்தும் ஒப்பீட்டு ஆய்வைத் தயாராக வைத்திருக்கவேண்டும், நாம் கேட்டால் தரவேண்டும். நான் கேட்டேன். வரவில்லை. மறுபடி கேட்டேன். சுற்றி வளைத்து ஒரு பதில் வந்தது.

அதோடு தொழிலாளர் துறையின் ஊழியர் நலப் பிரிவைக் கூப்பிட்டேன், 1-866-444-3272. இதற்குப் பணம் எதுவும் இல்லை, விசாவும் கேட்கவில்லை. கணவருக்கு அதுதான் பயம், "விசால இருக்கோம், மத்திய அரசுகிட்ட கம்பெனி மேல புகார் பண்ணலாமா?" என்று. திட்டத்தில் உள்ள உரிமையைக் கேட்டதற்காக ஊழியரைப் பழிவாங்குவதை எரிசாவே தடை செய்கிறது. அது காகிதத்தில் இருக்கிற பாதுகாப்பு, பயம் ராத்திரித் தூக்கத்தில் வருவது, அதனால் அவரை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் கேஸை எடுத்த ஆலோசகர் ஒரு வயதான அம்மாள், குரலை வைத்துச் சொல்கிறேன். காகிதங்களை வாங்கிப் படித்துவிட்டு நிறுவனத்தின் பலன்கள் பிரிவுக்குத் தானே பேசினார். நாங்கள் கத்தியபோது அசையாத இடம், அவர் மெதுவாகக் கேட்டதும் அசைந்தது.

இடையில் கணவரும் ஒரு வேலை செய்தார். சுயநிதித் திட்டத்தில் முடிவெடுப்பது முதலாளி என்பதால், இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிட்டு, நிறுவனத்தில் இதே பிரச்சினையில் இருந்த இன்னும் சில பெற்றோரைக் கண்டுபிடித்து ஒன்றாகக் கடிதம் கொடுத்தார்கள். மாநிலச் சட்டம் இல்லாத இடத்தில் முதலாளியின் மனம்தான் சட்டம் என்பது கசப்பாக இருந்தாலும், சில சமயம் அது சீக்கிரம் மாறும்.

டிசம்பரில் விலக்கை எடுத்துவிட்டார்கள். எங்கள் க்ளெய்ம்களையும் மறுபடி கணக்கிட்டார்கள். ஆகஸ்டிலிருந்து கையால் கட்டியதையும் சேர்த்துப் பதினெட்டாயிரம் போல் செலவாகியிருந்தது. அதில் பன்னிரண்டாயிரம் சுமார் திரும்பி வந்தது. மீதி டிடக்டபிள் (இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்டவேண்டிய தொகை), நம் பங்கு, மையத்தின் கட்டணங்கள் என்று போனது. ஜனவரியில் பதினைந்து மணி நேரம் திரும்பியது, டம்ளர் படம் வர வசந்தம் ஆகிவிட்டது.

கடைசியாக ஒன்று. சுயநிதித் திட்டத்தை முதலாளி எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். முக்கியமான பலனைக் குறைத்தால் தெரிவிக்கவேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் அந்தத் தாள் திறந்த சேர்க்கை மின்னஞ்சல்களுக்கு நடுவே இருபது பக்கப் பிடிஎஃப்பில் வரும். இப்போது நான் ஒவ்வொரு அக்டோபரிலும் புதுப் புத்தகத்தைத் தரவிறக்கி, விலக்குகள் பக்கத்தைப் பழையதோடு வரிவரியாக ஒப்பிடுகிறேன். அரசுப் பள்ளியிலோ சர்ச் நடத்தும் மருத்துவமனையிலோ வேலை செய்பவர்களுக்கு இந்த எரிசா கதை பெரும்பாலும் பொருந்தாது, அவர்களுக்கு விதிகள் வேறு. எதிர்பாராத அவுட் ஆஃப் நெட்வொர்க் பில்களுக்கு 2022லிருந்து மத்தியச் சட்டம் இருக்கிறது, அது சுயநிதித் திட்டத்துக்கும் செல்லும். ஆனால் தரைவழி ஆம்புலன்ஸ் அதில் இல்லை. அதைப் பற்றி எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தனிக் கதையே வைத்திருக்கிறார்.